நெட்டையனின் முதுகு

லண்டனில் நான் பேஸ்போல் விளையாடினேன் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஊரில் அம்மா அதை இன்னமும் கிரிக்கெட் என்றுதான் பக்கத்து வீட்டாருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார். பலமுறை திருத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். ஆனால் விளையாடியது உண்மை. ஒரு பருவம் முழுவதும், ஒரு பல்கலைக்கழக அணிக்காக, மைதானத்தின் இடது மூலையில் கணுக்கால் அளவு சேற்றில் நின்று விளையாடினேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அலட்டுகிறாள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாணத்தில் வங்கி வேலையை விட்டுவிட்டு மேற்படிப்புக்காக வந்திருந்தேன். தோர்ண்டன் ஹீத்தில் மாமி வீட்டில் ஓர் அறை. மாமி அப்பாவின் தங்கை. ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்க்கடை ஒன்றில் ஷிப்ட். வகுப்பில் என்னைவிட எல்லாரும் சின்னவர்கள். ஒருவரோடும் பேசாமல் முதல் வாரம் போயிற்று. நான் பேசாமல் இருப்பது எனக்கே புதினமாக இருந்தது.

அந்த வாரக் கடைசியில் பல்கலைக்கழகத்துப் பெரிய மண்டபத்தில் எல்லாக் கழகங்களும் மேசை போட்டு ஆள் சேர்த்தார்கள். நான் தமிழ்ச் சங்கத்து மேசைக்குத்தான் போனேன். உள்நோக்கம் எதுவும் இல்லை, அங்கே பயற்றம் பணியாரம் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். வரிசை நீளமாக இருந்தது. பக்கத்து மேசையில் ஈ காக்கை இல்லை. ஒரு பெண் மட்டும் மடியில் ஒரு தடியை வைத்துக்கொண்டு, யாராவது வந்தால் வரட்டும் என்ற மாதிரி உட்கார்ந்திருந்தாள். வரிசையில் நின்று கால் உளைந்ததால் அந்தத் தடியை வாங்கிப் பார்த்தேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் நான் எல்லே விளையாடியவள். இலங்கையில் படித்தவர்களுக்கு எல்லே என்றால் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு மூங்கில் தடி, ஒரு டென்னிஸ் பந்து. பந்தை அடித்துவிட்டு வட்டமாக ஓட வேண்டும். வழியில் நின்று மூச்சு வாங்க மூன்று இடங்கள் உண்டு. ஓடி முடித்தால் ஓர் ஓட்டம். எதிரணி பந்தைப் பொறுக்கி, ஓடுகிறவளின் உடம்பில் படும்படி எறிந்தால் அவள் அவுட். இந்தக் கடைசி விதிதான் முக்கியம். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஓடுகிறவளைத் தூரத்திலிருந்து குறிபார்த்து எறிவதற்கென்றே என்னைச் சேர்த்திருந்தார்கள். நான் எறிந்தால் தப்பியவர்கள் குறைவு. முதுகைத் தடவிக்கொண்டு போனவர்கள் இன்றைக்கும் யாழ்ப்பாணத்தில் இருக்கிறார்கள், பிள்ளை குட்டிகளோடு.

தடியை நான் பிடித்த விதத்தைப் பார்த்ததும் அந்தப் பெண் நிமிர்ந்து உட்கார்ந்தாள். முன்பு விளையாடியிருக்கிறீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். கிட்டத்தட்ட இதே விளையாட்டுத்தான் என்றேன். என் ஆங்கிலத்தைக் கேட்டுவிட்டு ஒரு நிமிடம் என் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்க தமிழோ, அக்கா?"

அவள்தான் அணித்தலைவி. இங்கே லண்டனில், குட்மேய்ஸில் பிறந்து வளர்ந்தவள், தாய் தகப்பன் எங்கள் பக்கத்து ஆட்கள். கோபம், பகிடி, கணக்கு எல்லாம் அவளுக்கு ஆங்கிலத்தில்தான் வரும். அக்கா, அண்ணை, மாமி மட்டும் தமிழில் வரும். அவள் என்னை அக்கா என்று கூப்பிட, அடுத்த கிழமை உடற்பயிற்சி மண்டபத்துக்குப் போனபோது அணியில் இருந்த அத்தனை பேரும் அதுதான் என் பெயர் என்று நினைத்துவிட்டார்கள். பந்து எறிகிற போலந்துக்காரன் தாடியும் மீசையுமாக வந்து கைகொடுத்து, "ஹலோ அக்கா" என்றான். நானும் திருத்தவில்லை.

அணி என்று சொன்னால் பெரிய வார்த்தை. ஆளுக்கொரு நாடு, ஆளுக்கொரு பாடம். ஆணும் பெண்ணும் கலந்துதான் விளையாடினோம், ஒன்பது பேர் சேர்வதே பெரும்பாடாக இருந்ததால் யாரையும் வேண்டாம் என்று சொல்கிற வசதி எங்களுக்கு இல்லை. ஒழுங்கான மைதானமும் இல்லை. ஸ்ட்ரெதம் பக்கத்தில் ஒரு பூங்காவின் மூலையை சனிக்கிழமைகளில் எங்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். நாங்களே போய், ஓடுகிறவர்கள் நிற்பதற்கான ரப்பர் தட்டுகளை நிலத்தில் வைத்து, சுண்ணாம்புக் கோடு போட்டு, நாய்களோடு நடக்க வருகிறவர்களிடம் கொஞ்சம் தள்ளிப் போகும்படி கெஞ்ச வேண்டும். ஒருமுறை ஒரு மண்ணிற நாய் பந்தைக் கவ்விக்கொண்டு ஓடி, திருப்பித் தரவே இல்லை. அன்றைக்கு எங்களில் மிக நன்றாகப் பந்து பிடித்தது அதுதான் என்று அணித்தலைவி சொன்னாள்.

இந்த அணியைத் தொடங்கியதும் அவள்தான். முதலாம் ஆண்டில் விடுதி அறை ஒவ்வொன்றாகத் தட்டி ஆள் சேர்த்திருக்கிறாள். அதன் பிறகு இரண்டு பருவங்கள் விளையாடியும் ஒரு போட்டியில்கூட வென்றதில்லை. நான் சேர்ந்தது அவளுடைய கடைசி வருடம். பருவம் தொடங்குவதற்கு முன் மாணவர் சங்கத்தில் விளையாட்டுக்குப் பொறுப்பானவர் அவளைக் கூப்பிட்டுப் பேசியிருந்தார். பூங்காவில் இடத்துக்குப் பல கழகங்கள் அடிபடுகின்றன, ஃபிரிஸ்பீ என்று தட்டெறிகிற கழகத்தில் ஆட்கள் நிரம்பி வழிகிறார்கள், தொடர்ந்து தோற்கிற அணிக்கு இடம் கொடுக்கக் காரணம் வேண்டும் என்றாராம். இந்தப் பருவத்தில் ஒரு போட்டியாவது வெல்ல வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த வருடம் கழகம் இருக்காது.

அவள் இதை எங்களுக்கு மண்டபத்துத் தரையில் உட்காரவைத்துச் சொன்னாள். அழவில்லை, கெஞ்சவுமில்லை. நான் போன பிறகும் இது இருக்க வேண்டும், அவ்வளவுதான் என்றாள். இருபத்தொரு வயதுப் பெண் தான் விளையாடப் போகாத அணிக்காக அப்படிக் கவலைப்பட்டது எனக்குப் பிடித்திருந்தது. வென்று கொடுப்பது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன். எனக்கு அந்த விளையாட்டின் பாதி விதிகள் அப்போது தெரியாது.

எங்கள் அணியில் ஒரு வழக்கம் இருந்தது. போட்டி முடிந்த கையோடு அணித்தலைவியின் அம்மா தொலைபேசியில் கூப்பிடுவார். அவருக்கு முதியோர் இல்லம் ஒன்றில் வேலை, சனிக்கிழமைகளில் ஷிப்ட் இருப்பதால் ஒரு போட்டிக்கும் வர முடிந்ததில்லை. தேநீர் இடைவேளையில் கூப்பிடுவார். இவளோ அந்த நேரத்தில் முகமூடி, மார்புக் கவசம், முழங்கால் கவசம் என்று கழற்றிக்கொண்டிருப்பாள். அவள்தான் அடிப்பவருக்குப் பின்னால் குந்தியிருந்து பந்து பிடிக்கிறவள். கை ஒழியாததால் தொலைபேசியைப் புல்லில் வைத்து ஒலிபெருக்கியைப் போட்டுவிடுவாள். எல்லாருக்கும் கேட்கும்.

"என்ன பிள்ளை, என்ன மாதிரி?"

"தோத்திட்டம், அம்மா."

"சரி, பறவாயில்லை. சாப்பிட்டியோ?"

ஒவ்வொரு முறையும் இதுதான். இரண்டு வருடம் கேட்டுக் கேட்டு, தோத்திட்டம் என்ற சொல் அணி முழுவதற்கும் பாடமாகியிருந்தது. பேருந்தைத் தவறவிட்டால் போலந்துக்காரன் "தோத்திட்டம்" என்பான். பரீட்சையில் கோட்டை விட்டவர்களும் அப்படித்தான் சொல்வார்கள். அவர்களுக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் அதுதான், அக்காவைத் தவிர.

வசந்தத்தின் தொடக்கத்தில் முதல் போட்டி வந்தது. லண்டனிலேயே இன்னொரு கல்லூரி அணி. அவர்களுக்கு ஒரே மாதிரி மேற்சட்டை, ஒரே மாதிரித் தொப்பி. எங்கள் தொப்பிகள் நாலு நிறத்தில் இருந்தன. அவர்களில் ஒருவன் நல்ல நெட்டை. ஓடினால் இரண்டு எட்டில் ஒரு தட்டிலிருந்து மற்றத் தட்டுக்குப் போய்விடுவான் போல இருந்தது. பெயர் தெரியாததால் அவனுக்கு நெட்டையன் என்று நானே பெயர் வைத்துக்கொண்டேன்.

என்ன அதிசயமோ, அன்றைக்கு எங்களுக்கு எல்லாம் சரியாக வந்தது. போலந்துக்காரனின் பந்தை அவர்களால் தொட முடியவில்லை. நான் அடித்த ஒன்று நடைபாதை வரைக்கும் போயிற்று. கடைசிச் சுற்று வந்தபோது ஓர் ஓட்டத்தால் நாங்கள் முன்னால் நின்றோம். அவர்களில் இன்னும் ஒருவர் அவுட்டானால் முடிந்தது. களத்தில் அவர்களுடைய இரண்டு பேர் ஓடுவதற்குக் காத்து நின்றார்கள், முன்னால் நின்றவன் நெட்டையன். அணித்தலைவி முகமூடிக்குள்ளிருந்து எங்கள் எல்லாரையும் ஒருமுறை பார்த்தாள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த பந்தை அவர்கள் அடித்தார்கள். அது தரையில் உருண்டு நேரே என்னிடம் வந்தது. அள்ளினேன். நிமிர்ந்து பார்த்தால் நெட்டையன் மூன்றாவது தட்டைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறான், அகலமான முதுகைக் காட்டியபடி. என் மனதில் ஒரு சந்தேகமும் எழவில்லை. பள்ளிக்கூட மைதானத்தில் நின்ற அதே நிலையில் நின்று, கையைப் பின்னுக்கு இழுத்து, குறிபார்த்து விட்டேன் ஒரு எறி.

பட்டது. தோளுக்குக் கொஞ்சம் கீழே, நடு முதுகில். சத்தம் பூங்கா முழுக்கக் கேட்டது. நான் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு துள்ளினேன்.

துள்ளியது நான் ஒருத்திதான். பேஸ்போலில் ஓடுகிறவன் மீது பந்து பட்டால் அவன் அவுட் ஆவதில்லை. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அவனைத் தொட வேண்டும், அல்லது அவன் போய்ச் சேருமுன் நம்மவர் கைக்குப் பந்து போய்ச் சேர வேண்டும். மண்டபத்தில் இதையெல்லாம் எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள், நானும் தலையாட்டியிருந்தேன். அந்த ஒரு கணத்தில் தலை கேட்ட பாடம் கைக்குப் போய்ச் சேரவில்லை. முதுகில் பட்ட பந்து தெறித்துப் போய் முட்செடிக்குள் விழுந்தது. நெட்டையன் வலியில் ஓர் அலறல் அலறிவிட்டு, அலறியபடியே ஓடி, 'வீடு' என்கிற கடைசித் தட்டைச் சேர்ந்தான். அவனுக்குப் பின்னால் மற்றவனும் சேர்ந்தான். தோற்றுவிட்டோம்.

யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நல்லாயிருந்திருக்கும் என்று தோன்றியது, திருப்பித் திட்டியிருப்பேன். ஏன் எறிந்தேன் என்று போலந்துக்காரன் மிகவும் மரியாதையாகக் கேட்டான். எங்கள் ஊரில் அதுதான் அவுட் என்றேன். எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டு, பின்பு தாங்க முடியாமல் சிரித்தார்கள். அணித்தலைவி சிரிக்கவில்லை. புல்லில் கிடந்த தொலைபேசி அடித்தது.

"தோத்திட்டம், அம்மா," என்றாள். வழக்கமாகப் பகிடியாகச் சொல்கிறவள் அன்றைக்கு மெதுவாகச் சொன்னாள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கோபம்தான். ஓடுகிறவனை அடித்தால் அவுட் இல்லையென்றால் இது என்ன விளையாட்டு? தூரத்தில் நின்று ஓடுகிற முதுகில் படும்படி எறிவது லேசான காரியமா? அதற்கு ஒரு மதிப்பும் கிடையாதா? மாமியிடம் முறையிட்டேன். மாமி கேட்டுவிட்டு, அந்தப் பெடியனுக்கு முதுகு எப்படி என்று விசாரித்தார். அவருக்கு அந்த விளையாட்டின் மேல் ஏற்கெனவே நல்லெண்ணம் கிடையாது. பந்து பட்டு என் பல் உடைந்தால் ஊரில் அண்ணனுக்கு என்ன பதில் சொல்வது என்பதுதான் அவருடைய கவலை. ஆனாலும் சனிக்கிழமை தோறும் விடிய எழும்பி ஒரு பெட்டி நிறைய ரோல்ஸ் பொரித்துக் கட்டித் தருவார். பொரிக்கும்போதே புறுபுறுப்பார்.

"தோக்கிற ஆக்களுக்கு என்னத்துக்கு ரோல்ஸ்?"

அடுத்த பயிற்சிக்குப் போகலாமா விடலாமா என்று யோசித்தேன். போனேன். அணித்தலைவி எனக்காகவே காத்திருந்தாள். அந்த வாரம் முழுவதும் ஒன்றை யோசித்திருக்கிறாள். மண்டபத்தில் நான் பந்து பிடிக்கிறவரின் கையுறைக்கு எறிந்தால் பந்து எங்கேயோ போகிறது. ஓடுகிற முதுகுக்கு எறிந்தால் மட்டும் அச்சொட்டாகப் போகிறது. நான் இடத்துக்கு எறிகிறவள் இல்லை, ஆளுக்கு எறிகிறவள் என்று கண்டுபிடித்துவிட்டாள். முகமூடியைப் போட்டு, மார்புக் கவசத்தை இழுத்துக் கட்டிக்கொண்டு, மைதானத்தின் மறுபக்கத்தில் போய் நின்று நெஞ்சில் தட்டிக் காட்டினாள்.

"அக்கா, இனி ஒருத்தரையும் அடிக்க வேண்டாம். என்னை மட்டும் அடியுங்கோ."

எறிந்தேன். முதல் பந்து அவளுடைய தோளுக்கு மேலால் போயிற்று, ஏனென்றால் எனக்கு மனம் வரவில்லை. அவள் என்னைப் பார்த்து, இப்படித்தானா யாழ்ப்பாணத்தில் எறிவீர்கள் என்று ஆங்கிலத்தில் நக்கலடித்தாள். அது போதுமாக இருந்தது. அடுத்த பந்து நெஞ்சுக்கு நேரே போனது. நெஞ்சுக்கு முன்னால் அவள் கையுறையைப் பிடித்திருந்தாள், ஆகவே கைக்குள் விழுந்தது. பிறகு ஓடி ஓடி இடம் மாறி நின்றாள், குந்தினாள், சரிந்தாள். எங்கே நின்றாலும் அவளை அடித்தேன். கவசம் இல்லாத இடத்தில் பட்டு அவளுக்கு நீலம் பாரித்த நாட்களும் உண்டு. ஒரு நாளும் போதும் என்று சொன்னதில்லை. வசந்தம் முழுவதும் இதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் வேலை.

இதற்கிடையில் தோற்பதை நாங்கள் ஒழுங்காகச் செய்துவந்தோம். ஒருமுறை பெரிய வித்தியாசத்தில், ஒருமுறை சின்ன வித்தியாசத்தில், ஒருமுறை ஆள் போதாமல். மழை வந்து ஒரு போட்டி நின்றபோது அது வெற்றியில் சேருமா என்று போலந்துக்காரன் கேட்டான். சேராது. ஒவ்வொரு சனிக்கிழமையும் புல்லில் தொலைபேசி அடிக்கும், ஒவ்வொரு சனிக்கிழமையும் அதே பதில். நாங்கள் ரோல்ஸ் சாப்பிடுவோம். அணித்தலைவி மட்டும் வரவர ஒன்றோடு நிறுத்திக்கொண்டாள்.

பருவத்தின் கடைசிப் போட்டி முதலில் விளையாடிய அதே அணியோடு வந்தது. நல்ல வெயில். இந்த நாட்டில் வெயில் எறித்தால் சனம் கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி பூங்காவுக்கு வந்துவிடும். தட்டெறிகிற கழகத்தினர்கூட மைதானத்தின் ஓரத்தில் வந்து படுத்திருந்தார்கள். அடுத்த வருடம் தங்களுக்கு வரப்போகிற இடத்தை அளவெடுக்க வந்திருக்கிறார்கள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போட்டி தொடங்குமுன் நெட்டையன் என்னிடம் வந்தான். முதுகு இரண்டு வாரம் நொந்ததாம், மல்லாந்து படுக்க முடியவில்லையாம். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். இன்றைக்கு என்னை விட்டுவிடுங்கள் அக்கா என்றான். எங்கள் ஆட்கள் கூப்பிடுவதைக் கேட்டு அவனும் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தான். நான் மன்னிப்புக் கேட்டேன். முழுமனதோடு கேட்டேன் என்று சொல்ல மாட்டேன். அது ஒரு நல்ல எறி.

அந்தப் போட்டியை ஒவ்வொரு பந்தாகச் சொல்ல எனக்கு ஆசைதான், உங்களுக்குப் பொறுமை இருக்காது. சுருக்கமாகச் சொன்னால், அவர்கள் முந்தினார்கள், நாங்கள் எட்டிப் பிடித்தோம். அவர்கள் மறுபடி முந்தினார்கள். அணித்தலைவி ஒன்றை அடித்துவிட்டு, கவசம் இல்லாத முழங்காலால் புழுதியில் சறுக்கிக்கொண்டு வீடு சேர்ந்தாள். நான் அடித்த ஒன்றில் இன்னும் இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள். அடிக்கும்போது கையில் ஒரு கூச்சம் ஓடியது, பந்து போன தூரத்தைப் பார்த்து எனக்கே சந்தோஷப் புளுகம் தாங்கவில்லை. கடைசிச் சுற்றில் மறுபடியும் அதே நிலை. ஓர் ஓட்டத்தால் நாங்கள் முன்னால். அவர்களில் இன்னும் ஒருவர் அவுட்டானால் முடிந்தது. இரண்டாவது தட்டில் நெட்டையன்.

அவன் வீடு சேர்ந்தால் சமம். சமமானால் மேலும் விளையாட வேண்டும். போலந்துக்காரனுக்கோ தோள் விட்டுப்போயிருந்தது, ஒவ்வொரு பந்துக்கும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். எறிவதற்கு எங்களிடம் வேறு ஆள் கிடையாது. ஆகவே சமம் என்றாலும் தோல்வி மாதிரித்தான். எல்லாருக்கும் அது தெரியும்.

அடித்தான் அவர்களுடைய ஆள். பந்து மூன்றாவது தட்டில் நின்ற எங்கள் பிள்ளையைத் தாண்டி, துள்ளித் துள்ளி, என் பக்கம் வந்தது. ஓடிவந்து குனிந்து அள்ளினேன். நெட்டையன் மூன்றாவது தட்டை மிதித்துவிட்டு வீட்டுப் பக்கம் திரும்பிவிட்டான். எனக்கு முன்னால் அதே முதுகு. சத்தியமாகச் சொல்கிறேன், கை ஒரு நொடி அதைத்தான் தேடியது.

"அக்கா, என்னை!"

முகமூடியைக் கழற்றி எறிந்துவிட்டு வீட்டுத் தட்டில் அணித்தலைவி நின்றாள். நெஞ்சுக்கு முன்னால் கையுறை. அவளுக்கும் எனக்கும் நடுவில், கோட்டோடு கோடாக, நெட்டையன். நான் கையைப் பின்னுக்கு இழுத்தேன்.

அந்த நேரத்தில்தான் அவன் திரும்பிப் பார்த்தான். ஓடுகிறவன் திரும்பிப் பார்க்கவே கூடாது. வேறு எவராக இருந்தாலும் பார்த்திருக்க மாட்டான். ஆனால் உலகத்தில் அவனுக்கு மட்டும்தான் தெரியும், மைதானத்தின் இடது மூலையில் நிற்கிற இந்தப் பெண்ணின் கை உயர்ந்தால் என்ன நடக்கும் என்று. என்னைப் பார்த்தான், என் கையைப் பார்த்தான். இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு, முதுகை வளைத்து, ஓடுகிற ஓட்டத்திலேயே குனிந்தான். இரண்டு எட்டு தடுமாறினான்.

பந்து குனிந்த அவனுக்கு மேலால் போயிற்று. நேரே போய் அவளுடைய நெஞ்சில், கையுறைக்குள், டப்பென்று விழுந்தது. அவள் இரண்டு கையாலும் அதை அணைத்துக்கொண்டு முன்னால் பாய்ந்தாள். அவனும் நிமிர்ந்து பாய்ந்தான். இரண்டு பேரும் மோதி விழ, புழுதி எழுந்து ஒன்றும் தெரியவில்லை.

நடுவர் குனிந்து பார்த்தார். பூங்காவே பார்த்துக்கொண்டிருந்தது. கீழே கிடந்தபடியே அவள் கையுறையை உயர்த்தினாள். பந்து உள்ளே இருந்தது. நடுவர் கையை முட்டியாக மடக்கிக் காற்றில் குத்தினார்.

அவுட். நான் எங்கே நின்றேன், எப்படி அங்கே போனேன் என்று தெரியாது. எல்லாரும் அவள் மேல் விழுந்து கிடந்தார்கள், நானும் அதற்கு மேல் விழுந்தேன். போலந்துக்காரன் தோள் வலியை மறந்து என்னைத் தூக்கிச் சுற்றினான். என்னை அப்படி யாரும் தூக்கியதில்லை, மாமி பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார். ஓரத்தில் படுத்திருந்த தட்டெறிகிறவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவர்கள்மேல் இருந்த கோபம் அப்படியே போய்விட்டது. இவ்வளவு சந்தோஷமாக நான் இந்த நாட்டில் அதுவரை இருந்ததில்லை. ஊரிலும் இருந்தேனா என்று யோசிக்கத்தான் வேண்டும்.

நெட்டையன் புழுதியைத் தட்டிக்கொண்டு வந்து, நீங்கள் என் மேல்தான் எறியப் போகிறீர்கள் என்று சத்தியமாக நினைத்தேன் என்றான். நானும் அப்படித்தான் நினைத்தேன் என்று சொல்லி, மாமியின் ரோல்ஸ் பெட்டியைத் திறந்து முதலாவதை அவனிடம் கொடுத்தேன். அது அவனுக்குச் சேர வேண்டியது.

அப்போது புல்லில் தொலைபேசி அடித்தது.

அணித்தலைவி அதன் பக்கத்தில் முழங்காலில் உட்கார்ந்திருந்தாள், ஒரு கால் கவசம் கழன்றும் மற்றது கழலாமலும். விரலால் தட்டினாள்.

"என்ன பிள்ளை, என்ன மாதிரி?"

அவள் வாயைத் திறந்தாள். மூன்று பருவமாக ஒரு பதிலையே சொல்லிப் பழகியவள், புதுப் பதிலைச் சொல்ல முடியாமல் கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். மறுபக்கத்தில் அம்மாவுக்கு அந்த விசும்பல் மட்டும் கேட்டிருக்க வேண்டும்.

"பறவாயில்லை பிள்ளை, அழாதை. அடுத்த முறை பாப்பம்."

அடுத்த முறை என்று ஒன்று அவளுக்கு இல்லை, அது அம்மாவுக்கும் தெரியும். போலந்துக்காரன் என் காதோடு குனிந்து, தோத்திட்டம் என்பதற்கு எதிர்ச்சொல் என்ன என்று அவசரமாகக் கேட்டான். இத்தனை நாள் அது அவர்களுக்குத் தேவைப்பட்டதில்லை. சொல்லிக்கொடுத்தேன். அவன் மற்றவர்களுக்குச் சொல்ல, அவர்கள் வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்கள். பிறகு எல்லாருமாகத் தொலைபேசியைச் சுற்றிக் குனிந்து, ஒரே குரலில் கத்தினார்கள்.

"வெண்டிட்டம், அம்மா!"

நெட்டையனும் வாயில் ரோல்ஸோடு சேர்ந்து கத்தினான். எதைக் கத்துகிறான் என்று அவனுக்குத் தெரியாது.

மறுபக்கத்தில் முதியோர் இல்லத்துத் தொலைக்காட்சி மெல்லக் கேட்டது.

"மெய்யாவோ, பிள்ளை?"

"ஓம் அம்மா," என்றாள் அவள், மூக்கைத் துடைத்துக்கொண்டு. "வெண்டிட்டம்."

அம்மா மூச்சை இழுத்து விடுவது எங்கள் எல்லாருக்கும் கேட்டது. பக்கத்தில் இருந்த யாரிடமோ ஆங்கிலத்தில், என் மகள் வென்றுவிட்டாள், என் மகள் என்று இரண்டு தரம் சொன்னார். பிறகு எங்களிடம் திரும்பி வந்தார். இந்தப் பதிலுக்கு அடுத்து என்ன சொல்வது என்று அவருக்கும் பழக்கமில்லை.

"அப்ப சரி. சாப்பிட்டியோ?"

போலந்துக்காரன் ரோல்ஸ் பெட்டியை அப்படியே தூக்கி அவளுடைய மடியில் வைத்தான். அன்றைக்கு அவள் நாலு ரோல்ஸ் சாப்பிட்டாள்.